தேயாத டயர்

ஃபூட்டா கணவாயின் உச்சியில், காபிக் கடை வாசலில் ஒட்டாவியாவுக்கு ரத்தம் கொதித்தது. கணவனின் தம்பி லோரிஸ் தன் புதுக் காரைச் சுற்றிக் கூட்டம் சேர்த்துக்கொண்டு, அவளுடைய பழைய மஞ்சள் காரை மட்டம் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு காரிலும் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால்தான்; வளைவில் பின்பக்கம் சறுக்கினால் இரண்டும்தான் சறுக்கும்.

"அண்ணி, உங்க வண்டி வளைவுல வாலாட்டும். என்னுது தண்டவாளத்துல போற மாதிரி! இப்பகூட மலையை ஒரே மூச்சுல ஏறி வந்தேன். பேசாம அதை வித்துட்டு, கடைக்குப் போக வர சின்னதா ஒண்ணு வாங்கிக்குங்க."

கூட்டம் சிரித்தது. வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் அந்த மலையில் கார் ஓட்டி ஏறுகிறவள் அவள். வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு, அவன் காரருகே குனிந்தாள். புது டயரில் முடி மாதிரி மெல்லிசாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினாலே தரையில் படுகிற இடத்தில் தேய்ந்துவிடும். இவன் டயரில் நட்டநடுவில் இருந்த முடிகூட அப்படியே விறைத்து நின்றது.

எழுந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"டேய் லோரிஸ், மலை ஏறினது உன் காரா, இல்ல அதைச் சுமந்துட்டு வந்த லாரியா? டயரைப் பாருங்கய்யா எல்லாரும்!"

கூட்டம் மொத்தமும் குனிந்து பார்த்தது. லோரிஸ் மட்டும் குனியவில்லை.