நண்டுக் காக்கா மேடையேறவில்லை

மீராமுகைதீன் தன் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது முஸ்பிறா டீச்சர் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"மீரா காக்கா, நாடகத்த நிப்பாட்டட்டாம். கொழும்புப் பதிப்பகம் அனுப்பியிரிக்கி."

"எந்த நாடகம்?"

"ஒங்கட நண்டுக் காக்காதான்! நாளைக்குப் பள்ளிக்கூட விழா. இருபத்தெட்டுப் புள்ளையளுக்கும் செவப்புச் சாறன் துணில கொடுக்குத் தச்சாச்சி."

'நண்டுக் காக்காவின் கலியாணம்' அவர் எழுதிய ஒரே புத்தகம். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். வெளியீட்டு விழாவில் மூன்று பொன்னாடைகளோடு நின்றவரிடம் பதிப்பாளர் மேடையிலேயே ஒரு தாளை நீட்டினார். மேடையில் தருவதை வாசித்துப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதைக்குறைவு. கையெழுத்திட்டார். கதை, நாடகம், நண்டு அனைத்தும் பதிப்பகத்துக்கு. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் எழுபது வருடம் வரைக்கும். முந்நூறு பிரதிகளோடு புத்தகம் நின்றது. மறுபதிப்பு இல்லை.

கடிதத்தைப் பார்த்ததும் பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, எழுதினது நான்தான்."

"அதத்தான் நாங்களும் சொல்றோம், சேர். எழுதினது நீங்க. உரிமை எங்களுக்கு."

"அப்ப புத்தகத்தயாவது திருப்பி அடிங்களன்."

"அதுக்கு இப்ப சந்தை இல்ல, சேர்."

"நண்ட இறாலா மாத்தினா?"

"கலியாணம் பண்ணுமா, சேர்?"

"பண்ணும்."

"அப்ப சரிவராது."

சட்டத்தரணி அழகரெத்தினம் கடிதத்தை இருமுறை படித்தார். "நியாயமான பயன்பாடு எண்டு சட்டத்தில இருக்கு காக்கா. இது அதுக்குள்ள வருமா எண்டு வழக்காடித்தான் பாக்கணும். தீர்ப்பு வாறதுக்குள்ள இந்தப் புள்ளையளுக்கும் கலியாணம் முடிஞ்சிரும்."

பள்ளிக்கூட அதிபர் வழக்குக்குப் பயந்தவர். நாடகம் நின்றது.

மறுநாள் விழாவுக்கு மீராமுகைதீன்தான் பிரதம அதிதி. அழைப்பிதழ் முன்பே அடித்தாயிற்று. கதையை வாயாலும் சொல்லிவிட வேண்டாம் என்று அதிபர் அவர் காதில் கேட்டுக்கொண்டார். கீழே இருபத்தெட்டு நண்டுகள் கொடுக்குகளை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். 

"புள்ளையள், பதிப்பகத்த மட்டும் ஏசாதீங்க. வாசிக்காமக் கையெழுத்து வெச்ச மடையன் நான்தான். எழுதுற ஆக்கள் ஆரா இரிந்தாலும் வாசிச்சிட்டு வைங்க. சட்டம் எழுதுற ஆக்களுக்கும் ஒண்டு செல்றன்: அச்சடிக்காமப் பூட்டி வெச்ச புத்தகத்த எழுதினவன்ட கைக்கே திருப்பிக் குடுங்க. பள்ளிக்கூடத்துல காசு வாங்காம நடிக்கிற புள்ளையள் பயப்படத் தேவல்ல எண்டு வெளங்குற மாதிரி எழுதி வைங்க. சட்டம் புடிக்க வேண்டியது களவ. கதைய இல்ல."