நீலக் கட்டடம், பதினொன்றாம் மாடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் கண் திறப்பதில்லை. மற்ற நாட்களில் விடியுமுன் பாரிஸுக்கு ரயிலேறிப் போய், அங்கே ஆபீஸ் கூட்டி, பிள்ளை பார்த்து, பாத்திரம் கழுவி, சுவர் எழுப்பிவிட்டு, தூங்குவதற்கு மட்டும் திரும்பி வருகிற ஊர் இது. ஒரு நாளாவது பொழுது ஏறும்வரை தூங்கட்டுமே. நான் தூங்குவதில்லை. ரயில் நிலைய வாசலில் எனக்குக் கடை. காபியும், சதுரமாக மடித்துக் கல்லில் சுட்ட ரொட்டியும். இருபத்தாறு வருஷமாக அதே கல், அதே வாசல், அதே வார்தியாவாகிய நான். என் வாய்க்குப் பயந்துதான் போலீஸ்காரர்கள்கூட ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அந்தப் பிப்ரவரி ஞாயிறு மூடுபனி கனமாக இறங்கியிருந்தது. எதிர் நடைமேடை தெரியவில்லை. ரயில் வந்ததும் போனதும் காதுக்கு மட்டும்தான் தெரிந்தது. எட்டேகால் வண்டி போன பிறகு, பனிக்குள்ளிருந்து ஒரு பெண் மெல்ல உருவாகி வந்தாள். நல்ல உயரம், ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் தலைத்துணி, பாதம்வரை தொங்கும் அங்கி, அதன் மேல் யாரோ இரவல் கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு. பின்னால் ஒரு சக்கரம் உடைந்த பெட்டி.

"அக்கா, நீலக் கட்டடம் எங்க இருக்கு?"

"யார் வீட்டுக்கும்மா?"

"என் தங்கச்சி வீட்டுக்கு. நியூமா கமாரா. பதினொண்ணாவது மாடி."

ரொட்டியைத் திருப்பப் போன என் கை அப்படியே நின்றது. தினமும் விடியற்காலை வண்டிக்கு முன் என்னிடம் காபி குடிக்கிற நியூமாவுக்குப் பத்து நாளாக வேறு பேச்சே இல்லை. மாலியில் இருக்கும் அக்கா தியாபா, மகன் வீட்டுக்கு மாண்ட்ரியால் போகிறாள், வழியில் இங்கே விமானம் மாறுகிறாள், நடுவில் ஊருக்குள் இறங்கிக்கொள்ள ஒரு நாள் அனுமதி கிடைத்திருக்கிறது. இருபத்தொரு வருஷமாக இருவரும் நேரில் பார்த்ததில்லை. அம்மா இறந்தபோது நியூமாவிடம் குடியிருப்புச் சீட்டு இல்லை. போனால் திரும்பி வர முடியாது என்பதால் அடக்கத்துக்குப் போகவில்லை. அதற்காக தியாபா நாலு வருஷம் தங்கையோடு பேசவே இல்லை. இப்போது ஃபோனில் பேசுகிறார்கள், ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. "அவ முகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும் வார்தியாக்கா, அது போதும் எனக்கு" என்று நியூமா என் கடை வாசலில் நின்று அழுதிருக்கிறாள்.

"நீதான் தியாபாவா! அவ ஏன் வரல உன்னக் கூப்பிட?"

"வரேன்னுதான் சொன்னா. நாந்தான் வேணாம்னேன். முழங்கால் வலியாம், லிஃப்ட் வேற கெட்டுக் கிடக்காம். ஃபோனும் செத்துப்போச்சு. அதனால என்ன? நீலக் கட்டடம், பதினொண்ணாம் மாடின்னு சொல்லியிருக்கா. கனடாவையே கண்டுபிடிக்கப் போறவ, இதக் கண்டுபிடிக்க மாட்டேனா?"

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "கமாரான்னு மட்டும் யாரையும் கேட்டுடாத. இந்த ஊர்ல கல்ல விட்டெறிஞ்சா ஒரு கமாரா மேலதான் விழும். சந்தைத் தெருவுல நேரா போ. மசூதி தாண்டு, பள்ளிக்கூடம் தாண்டு, ரவுண்டானா வரும். அங்க நிமிர்ந்து பாரு, நீலக் கட்டடம் மூஞ்சில இடிக்கும். நானே கூட வருவேன், கல்லு காயுது."

சூடாக ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தேன். பன்னிரண்டு நாற்பது வண்டிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். உடைந்த சக்கரத்தின் சத்தம் பனிக்குள் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

பதினோரு மணிக்கு என் ஃபோன் அடித்தது. நியூமா.

"வார்தியாக்கா... அவ வரல."

"என்னடி சொல்ற? எட்டேகாலுக்கே வழி சொல்லி அனுப்பினேனே!"

"வரல. ஆறு மணியிலேருந்து ஜன்னல்லயே நிக்கிறேன். குழம்பு ரெண்டு தரம் சுட வச்சாச்சு. அவ மனசு மாறிட்டா அக்கா. அம்மாவுக்கு மண்ணு போட வராதவ வீட்டுச் சோறு எதுக்குன்னு பாதி வழியில திரும்பிட்டா. எனக்குத் தெரியும்."

"வாய மூடு. அவ்வளவு ஆசையா கேட்டா, நீலக் கட்டடம் எங்கன்னு..."

சொல்லிக்கொண்டே அந்தத் திசையில் நிமிர்ந்து பார்த்தேன். பனி கொஞ்சம் விலகி, கூரைகளுக்கு மேலே ஐந்து கட்டடங்களின் தலைகள் மிதந்துகொண்டிருந்தன. ஐந்தும் வெள்ளை.

குளிர் உள்ளே வராமலிருக்க ஏழு வருஷத்துக்கு முன்பு எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் தகடு ஒட்டினார்கள். அதற்குப் பிறகும் நாலாம் நம்பர் கட்டடத்தை நாங்கள் நீலக் கட்டடம் என்றுதான் சொல்கிறோம். கடிதம் அங்கே வருகிறது, பீட்சா அங்கே வருகிறது, ஆம்புலன்ஸ்கூட வருகிறது. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிற ஜனங்கள் என்றைக்குச் சுவரின் நிறத்தைப் பார்த்தோம்? கால் தானாக வீட்டுக்குப் போகிறது. நியூமாவுக்கே நினைவில்லை. எனக்கும் இல்லை. கண்காணாத ஊருக்கு வந்தவளை, இல்லாத நிறத்தைத் தேடி அனுப்பியிருக்கிறேன், இந்தப் பனியில்.

கல்லை இறக்கினேன். மதியத்துக்கு முன் கடையை மூடுவது அதுதான் முதல் தடவை.

சந்தையில் மீன் விற்பவனைக் கேட்டேன். பார்த்திருக்கிறான். கொத்தமல்லிக்காரியும் பார்த்திருக்கிறாள். கறி சுடும் துருக்கிக்காரன் பெருமையாகவே சொன்னான்:

"மஞ்சத் தலைத்துணிதான? மூணு தரம் வந்தாங்க. மூணு தரமும் கரெக்டா வழி சொன்னேன். ரவுண்டானா தாண்டி, நீலக் கட்டடம்."

"உன் நீலத்துல இடி விழ! வெளிய வந்து பாருடா, அது நீலமா?"

ஏப்ரனோடு வெளியே வந்து, அண்ணாந்து, வாயைத் திறந்தபடி நின்றான். "அடக் கடவுளே" என்றான் மெதுவாக. "இது எப்ப மாத்துனாங்க?"

ஊரே சேர்ந்து அவளை வட்டம் சுற்ற விட்டிருக்கிறது. அவள் அந்தக் கட்டடத்தின் காலடியிலேயே மூன்று முறை பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்திருப்பாள். தங்கை மேலே ஜன்னலில் நிற்க, நடுவே பனி நின்றிருக்கிறது.

ஓட்டமும் நடையுமாகக் கட்டடத்து வாசலுக்குப் போனேன். அங்கே காவலாளி அதெலினோ துடைப்பத்தோடு நின்றிருந்தான். போர்த்துக்கல்காரன், சட்டம் என்றால் உயிர். தகடு ஒட்டியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே ஒரு கைக்குட்டை தொங்கினாலும் நோட்டீஸ் அனுப்புகிறவன். நான் அவனைக் கவனிக்காமல் நியூமாவுக்கு ஃபோன் போட்டேன்.

"உன் வீட்ல நீலமா என்னடி இருக்கு? பெருசா?"

"அம்மாவோட துணி இருக்கு. அவுரிச் சாயம் போட்டது. அம்மா தவறின வருஷம் அக்காதான் அனுப்பினா. கடுதாசிகூட வைக்கல, துணி மட்டும் அனுப்பினா."

"அத ஜன்னல்ல தொங்கவிடு."

"அதெலினோ..."

"அதெலினோ பக்கத்துலதான் நிக்கிறான். நான் பாத்துக்கறேன்."

அதெலினோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தேன். அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

"ஒரே ஒரு துணி தூரத்துலேருந்து தெரியாது, மேடம்" என்றான். "எனக்கும் ஒரு அக்கா இருக்கா, போர்த்தோவுல." பிறகு வாசலில் இருந்த வீட்டு மணிகளை மேலிருந்து கீழாக இரண்டு கையாலும் அழுத்தத் தொடங்கினான். தூக்கம் கலைந்த குரல்கள் ஒலிபெருக்கியில் திட்டின. "காவலாளி பேசறேன். நீலமா எது இருந்தாலும் ஜன்னல்ல தொங்கவிடுங்க. ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனா நோட்டீஸ்தான்!"

வழி கிடைக்காதவள் வண்டி பிடிக்க அங்கேதானே வருவாள் என்று நான் நிலையத்துக்குத் திரும்பி ஓடினேன். ஓடும் வயதா எனக்கு?

பனியில் என் கண்ணில் படாமலே கடையைத் தாண்டிப் போய், விமான நிலையம் போகிற நடைமேடையின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் தியாபா. நான் கொடுத்த ரொட்டி, காகிதம் பிரிக்காமல் அப்படியே மடியில் இருந்தது.

"ஏம்மா, இங்க என்ன பண்ற? உன் தங்கச்சி அங்க செத்துட்டிருக்கா!"

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்த ஊர்ல நீலக் கட்டடமே இல்ல அக்கா" என்றாள். "நல்லா பாத்துட்டேன். இல்லாத வீட்டச் சொல்லியிருக்கா. என்னைப் பாக்க அவளுக்கு முகம் இல்ல, இல்லேன்னா இஷ்டம் இல்ல. நான் அப்ப பேசின பேச்சு அப்படி. தப்பு எம்மேலயும் இருக்கு. ரெண்டு வண்டி போயிடுச்சு, ஏன் ஏறலன்னு எனக்கே தெரியல."

"இருக்கும்மா! அது வெள்ளையா இருக்கும், நாங்க நீலம்னு சொல்லுவோம்..."

"வெள்ளைய ஏன் நீலம்னு சொல்லுவீங்க?"

அவள் தோளைப் பிடித்துக் கட்டடங்கள் இருக்கும் பக்கம் திருப்பினேன்.

கீழே பனி இன்னும் படுத்திருந்தது. வீடுகள் இல்லை, தெரு இல்லை, மரம் இல்லை. அந்த வெண்மைக்கு மேலே, காலே இல்லாத ஒரு கட்டடத்தின் மேல்பாதி மட்டும் காற்றில் நின்றது. அதில் ஒவ்வொரு ஜன்னலாக நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. படுக்கை விரிப்பு, தொழிலாளி மேலுடை, கால்பந்துச் சட்டை, மேசைத் துணி, மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு, எவனுடையதோ ஜீன்ஸ். பதினொன்றாம் மாடியில் மட்டும் கறுப்போடு சேர்ந்த ஆழ்ந்த நீலம், ஆள் உயரத்துக்கு நீளமாக, மெல்ல அசைந்தது.

தியாபா எழுந்து நின்றாள். ரொட்டி கீழே விழுந்தது.

"அது அம்மாது" என்றாள்.

பெட்டியை நான் இழுத்தேன். அவள் வழி கேட்கவில்லை, தலையைத் தாழ்த்தவே இல்லை, சந்தைக் கூட்டம் தானாக விலகியது. துருக்கிக்காரன் கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்து, வேண்டாமென்று விட்டுவிட்டான். பெரிதாக நாலு என்று எண் போட்ட கட்டடத்து வாசலில் அதெலினோ தொப்பியைக் கழற்றினான். லிஃப்ட் கெட்டுக் கிடந்ததால் படியேறினோம். மேலேயிருந்தும் ஒருத்தி இறங்கி வருகிற சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து, கைப்பிடியில் பாத்திரம் மோதி மோதி.

ஆறாம் மாடித் திருப்பத்தில் பார்த்துக்கொண்டார்கள். நியூமா கையில் வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய சோற்றுப் பாத்திரம். கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். இல்லை. மூச்சு வாங்க, இரண்டு படி இடைவெளியில் அப்படியே நின்றார்கள். நியூமா தன் மொழியில் ஏதோ ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை, திரும்ப ஆரம்பித்தாள். தியாபா படியில் உட்கார்ந்தாள். பாத்திரத்தை வாங்கித் தொடை மேல் வைத்தாள். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு, மென்று, தங்கையை நிமிர்ந்து பார்த்து இரண்டே சொல் சொன்னாள்.

நியூமா சுவரில் சாய்ந்து அழுதாள், சிரித்தாள், என்ன செய்கிறாள் என்றே தெரியவில்லை.

"என்னடி சொன்னா? என்ன சொன்னா?" என்று நான் பதறினேன்.

"உப்பு கம்மியாம் அக்கா! எங்கம்மா ஒவ்வொரு நாளும் என் சமையலுக்கு இதத்தான் சொல்லும். இருபத்தொரு வருஷம் கழிச்சு வந்து, உப்பு கம்மியாம்!"

"உக்காருடி" என்றாள் தியாபா, எனக்கும் புரியட்டும் என்று பிரெஞ்சிலேயே. "ஆறிப்போகுது."

ஒரே பாத்திரத்தில் இரண்டு கை. ஏறி இறங்கியவர்கள் எல்லாம் ஓரமாக ஒதுங்கி, நல்லா சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒரு படி கீழே உட்கார்ந்து மணி பார்த்தேன். அந்த வேலைக்குத்தான் நான் லாயக்கு. அடக்கத்தைப் பற்றிப் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு தடவை, தியாபா சோற்றுக் கையோடு தங்கையின் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு இருவரையும் கிளப்பினேன். நியூமா ஆறு மாடி இறங்கி வாசல்வரை வந்தாள். அதற்கு மேல் முழங்கால் விடவில்லை. மே மாதம் இதே வழியாகத் திரும்புவேன் என்று சொல்லி தியாபா அவள் கன்னத்தில் செல்லமாக ஒரு அறை கொடுத்தாள்.

நாங்கள் நடைமேடைக்கு வந்தபோது பனி முழுக்கப் போய் வெயில் அடித்தது. அதெலினோவின் ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. துணிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பதினொன்றாம் மாடித் துணிதான் கடைசியாகப் போனது. இப்போது ஐந்து கட்டடமும் பளிச்சென்று ஒரே வெள்ளை.

எதிரே வந்து நின்ற வண்டியிலிருந்து கோட்டு சூட்டு போட்ட ஒருவர் கேக் பெட்டியோடு இறங்கினார். குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்குப் போகிறவர் போல. நேராக தியாபாவிடம் வந்தார்.

"நீங்க இந்த ஊர்தானம்மா? நாலாம் நம்பர் கட்டடம் எங்க இருக்கு?"

தியாபா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வெயிலில் மின்னும் அந்த வெள்ளைச் சுவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அதோ. அந்த நீலக் கட்டடம்."

அவள் வண்டி வந்தது, ஏறிக்கொண்டாள். வெள்ளையை நீலம் என்று தான் சொன்னது அவளுக்குத் தெரியவே இல்லை. ஜன்னலில் முகம் வைத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள். கேக்குக்காரர் ஐந்து கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கண்ணெல்லாம் தண்ணீர், அவர் பயந்துபோயிருக்க வேண்டும்.

கடை மூடியபடியே இருந்தது. கல் ஆறிக் கிடந்தது. கிடக்கட்டும்.

"வாங்க" என்றேன். "நானே கூட வரேன்."