தொழுவத்தில் கிடந்தவன்

சுடலையாண்டிக்கு இருமல் நிற்காமல் உடம்பு மெலியத் தொடங்கியதும், மனைவி பிச்சம்மாள் அவனுடைய பாயைச் சுருட்டி மாட்டுத் தொழுவத்தில் கொண்டு போட்டாள். சயரோகம் என்று ஊரே சொன்னது. அவளுடைய தாயும் தங்கையும் அந்த நோயில்தான் போனார்கள். வீட்டில் கைக்குழந்தை பார்வதி இருந்தாள். பிள்ளை தவழ்ந்து தொழுவத்துப் பக்கம் வந்தால் சுடலையாண்டியே கையை ஓங்கி விரட்டுவான். அது அழுதுகொண்டு திரும்பும். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொள்வான்.

பூதப்பாண்டிக்குக் கிழக்கே மலையடிவாரத்துக் கல்கொட்டகையில் வேலை செய்தவன் அவன். கடற்கரையில் எழும்பிக்கொண்டிருந்த மாதா கோயிலுக்குத் தூண் கொத்தினார்கள். மலைக்கணவாய் வழியாக அடிக்கும் காற்று உளிக்காரர்களைக் கண் திறக்க விடாது என்று கொட்டகையைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டியிருந்தது. உள்ளே வெள்ளைத் தூசி புகைபோல நிற்கும்.

இரண்டு மழைக்காலம் தொழுவத்தில் கழிந்தது. பிச்சம்மாளின் தம்பி தாணப்பனும் அதே கொட்டகையில் உளி பிடிப்பவன். அவன்தான் பிடிவாதமாக வண்டி கட்டி அத்தானையும் அக்காளையும் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு டாக்டர் பிச்சம்மாளைக் கூப்பிட்டார்.

"இது சயரோகம் இல்லம்மா. கல்தூசி நெஞ்சுக்குள்ள போய் நுரையீரலைக் கெட்டியாக்கிட்டு. கல் கொத்துதவங்க வேற சிலரும் இதே மாதிரி வந்திருக்காங்க."

"அப்பம் பிள்ளைக்கு ஒட்டாதா?"

"ஒட்டாது."

பிச்சம்மாள் சேலை முனையை முறுக்கிக்கொண்டு நின்றாள். "முன்னாடியும் ஒட்டியிருக்காதா?"

டாக்டர் சளிக் குப்பியை ஓரமாக வைத்தார். "ஒருநாளும் ஒட்டியிருக்காது. ஆனா உள்ள போன தூசியை எடுக்க மருந்து கிடையாது."

திரும்பும் வழியில் அவள் வண்டிக்குள் கணவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வெகுதூரம் அழுதுகொண்டே வந்தாள்.

"விடுட்டி," என்றான் சுடலையாண்டி. "ஒனக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியல்ல."

அன்றே பாயை வீட்டுக்குள் விரித்தாள். தன் தட்டிலேயே சோறு பிசைந்து அவனுக்கு ஊட்டினாள். "அப்பாகிட்ட போ மக்கா," என்று பார்வதியைத் தள்ளிவிட்டாள். பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. அவன் கையை நீட்டினான். ஓங்குகிறான் என்று நினைத்து அது அலறியது. அதற்குப்பிறகு பிள்ளை இருக்கும்போது அவன் கைகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான். அது மெல்ல மெல்லப் பாயின் ஓரம் வரை வரத் தொடங்கியிருந்தது. மார்கழியில் அவன் மூச்சு நின்றது.

காரியம் முடிந்ததும் பிச்சம்மாள் கல்கொட்டகைக்குப் போனாள். தாணப்பன் தலைமுதல் கால்வரை கல்தூசியில் வெளுத்து உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, எந்திச்சு வா. ஒனக்கும் அந்தக் கெதிதான் வரும்."

டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். உளிச்சத்தம் நின்றது. தாணப்பன் எழுந்துபோய்க் காற்றடிக்கும் பக்கத்துத் தட்டியை அறுத்துத் தள்ளினான். காற்று புகுந்து தூசியை ஒரேயடியாக வாரி எல்லோர் முகத்திலும் அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆட்கள் ஏசினார்கள்.

மேஸ்திரி சிலுவைதாசன் அவளைத் திட்டவில்லை. "நீ சொல்லுதது நிசமாத்தான் இருக்கும், தாயி," என்றான். "ஆனா இந்தக் காத்துல கல்லுல கோடு தெரியுமா? தப்பா ஒரு கொத்து விழுந்தா தூணு போச்சு."

கொத்துக்காரர்களே எழுந்துவந்து தட்டியைத் தூக்கி நிறுத்திக் கட்டினார்கள். உளிச்சத்தம் மறுபடி தொடங்கியது.

தாணப்பன் மட்டும் உட்காரவில்லை. மறுநாள் முதல் தூண் ஏற்றும் வண்டிக்குப் போனான். பிச்சம்மாளுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல். மேட்டில் மாடுகளோடு ஏறும்போது மூச்சு முட்டி, வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்ததை அவன் அக்காளிடம் சொல்லவில்லை.