டூலன் என்கிற பெயர்

என் கணவர் ஆபிரகாம் டூலன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அயர்லாந்துக்காரராகிவிட்டார். அதுவரை செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களின் மனுக்களில் குறை கண்டுபிடித்தவருக்கு, 1998 ஜூலையில் திடீரென்று வேலை இல்லாமல் போனது. பரம்பரையைத் தேட ஆரம்பித்தார்.

தேடுவதற்கு அவரிடம் இருந்தது ஒரு பெயர்தான். 1877 வாக்கில், தாது வருஷப் பஞ்சத்தின்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டினார்கள். அந்த வேலைக்கு மேற்பார்வையாளராக வந்தவர் பாட்ரிக் டூலன் என்ற அயர்லாந்துக்காரர். அவருடைய மகன் தாமஸ் டூலன். அந்தத் தாமஸ்தான் இவருடைய தாத்தா. இது இவர்கள் குடும்பத்தில் சொல்லிவந்த கதை.

என் கணவர் நல்ல கறுப்பு. ஆனால் வெயிலில் நடந்துவிட்டு வந்தால் கன்னம் சிவப்பதாகக் கண்ணாடி முன்னால் நின்று எனக்குக் காட்டுவார். உருளைக்கிழங்கு வறுவல் மேல் அவருக்கு இருந்த ஆசைக்குக்கூட அயர்லாந்து ரத்தம்தான் காரணமாம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நிரூபணம் இல்லாமல் விடை எழுதும் பிள்ளைக்கு மார்க் போட மாட்டேன். இவருக்கும் போடவில்லை.

பாட்ரிக் தன் ஊர் என்று சொன்னது கில்பரான் என்ற கிராமம். அந்தப் பங்குக் கோயிலுக்கு இவர் நான்கு பக்கம் கடிதம் எழுதினார். "எங்கள் குடும்பத்துக்கு அங்கே கோட்டையோ பண்ணையோ இருந்ததா?" என்பதை மூன்று விதமாகக் கேட்டிருந்தார்.

பதில் வரும்வரை சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் மகள் பிரதீபா கல்பாக்கத்தில் என்ஜினீயர். கூட வேலை பார்க்கும் செல்வராஜைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். பையனின் அப்பா ஏசுதாஸ் படாளத்தில் விவசாயம் பார்க்கிறவர். வெள்ளை வேட்டி கட்டி, தட்டில் பழம் பூவோடு பெண் கேட்டு வந்தார். இவர் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உங்க பாட்டனாரு இன்னா வேலை செஞ்சாரு?"

"கூலிதாங்க சார். ஏரி வேலை, கால்வா வேலை, எதுவும் வுடல."

"எங்க பரம்பரை வேற. நாங்க ஐரிஷ்காரங்க. சரிப்பட்டு வராது."

ஏசுதாஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்ததற்காக இன்றைக்கும் என் மேல் எனக்கு வெறுப்பு உண்டு. பிரதீபா அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். அவர் அதையும் பெரிய வீட்டுக் கௌரவம் என்று எடுத்துக்கொண்டார்.

1999 பிப்ரவரியில் பதில் வந்தது. எழுதியவர் அந்தப் பங்கு அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் நோரா என்ற அம்மாள். பாட்ரிக் டூலன் 1846 மார்ச்சில் ஞானஸ்நானம் பெற்ற பதிவு கிடைத்துவிட்டது, மேலும் தேடுகிறேன், அதற்குள் உங்கள் தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவை அனுப்பினால் இரண்டையும் இணைத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமையே கிளம்பினோம். மாசி வெயிலில் இவர் கோட்டு போட்டிருந்தார். சதுரங்கப்பட்டினம் பக்கத்தில், சவுக்குத் தோப்புக்குள் இருந்தது, தாத்தா வளர்ந்த ஊரின் சின்னக் கோயில். பங்குத் தந்தை இளைஞர். பீரோவிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பொடிப்பொடியாய் உதிரும் தாள்களைப் புரட்டினார். லத்தீனில் எழுதியிருந்ததை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"1878 நவம்பர். தாமஸ். வயசு சுமாரா மூணு. தாய் தகப்பன் பேரு தெரியல. கால்வாய் வேலையில செத்துப்போன கூலிக்காரங்க புள்ள. ஞானத்தகப்பன் பாட்ரிக் டூலன், கல்யாணம் ஆகாதவர். இந்தப் புள்ளைக்குத் தன் பேரைக் குடுத்து வளர்க்கிறதா வாக்கு குடுத்திருக்கார்."

இவர் எழுந்து குனிந்து அந்த வரியைத் தானே பார்த்தார்.

"இது வேற தாமஸா இருக்கும் ஃபாதர்," என்றார் இவர்.

பங்குத் தந்தை பொறுமையாக இன்னும் முப்பது வருஷத்துப் பக்கங்களைப் பார்த்தார். "டூலன்னு வர்ற ஒரே தாமஸ் இவர்தாங்க. நகல் எழுதித் தரட்டுமா?"

"வேணாம்."

"எனக்கு வேணும் ஃபாதர்," என்றேன்.

பஸ் திருக்கழுக்குன்றம் வந்ததும் இவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, "இத யார்கிட்டயும் சொல்லாத," என்றார். செத்த கூலிக்காரர்கள் யார், அந்தப் பிள்ளை எத்தனை நாள் கரையில் கிடந்தது, எதையும் அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கோட்டை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரோ அதைப் பிடுங்க வருவதுபோல.

திங்கட்கிழமை நோராவுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டதாம், ஆனாலும் ரத்த உறவில் சந்தேகமே இல்லையாம். கிழித்துப் போட்டேன். பங்குத் தந்தை கொடுத்த நகலோடு, நடந்தது நடந்தபடி நானே ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன்.

ஏப்ரலில் என் பெயருக்கே பதில் வந்தது. மாலை டீ நேரத்தில் கணவர், மகள் இருவரையும் வைத்துக்கொண்டு படித்தேன். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி ஊர் ஊராய்ச் செத்த காலத்தில் பிறந்தவர் பாட்ரிக். 1847-இல் அவருடைய தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள் என்று வீட்டில் எல்லோரும் பட்டினியில் போய்விட்டார்கள். அப்போதிருந்த பாதிரியார் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 'கைக்குழந்தை பாட்ரிக் மட்டும் மிச்சம். பள்ளி ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.' டூலன் குடும்பத்தில் இப்போது அங்கே யாரும் இல்லை. 'உங்கள் தாமஸைப் பற்றிப் படித்த பிறகு அன்று என்னால் வேறு வேலை செய்ய முடியவில்லை' என்று நோரா முடித்திருந்தார்.

பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் கணவர் கேட்டார்:

"அப்போ அந்தாளுக்கும் ஒண்ணும் இல்லையா? பஞ்சப் பரதேசிதானா?"

நான் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"ஏங்க, பசியில செத்தவங்க புள்ள, பசியில செத்தவங்க புள்ளையத் தூக்கினு வந்து தன் பேரக் குடுத்திருக்காரு. அவரு அப்படியே தாண்டிப் போயிருந்தா நீங்க ஏது, உங்க கோட்டு ஏது? இதுல இன்னா கொறைச்சல் உங்களுக்கு?"

"மெதுவா பேசு. பக்கத்து வூட்ல கேக்கப் போவுது."

அவருக்கு வந்த கவலை அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரதீபாவும் நானும் படாளத்துக்குப் போனோம். ஏசுதாஸிடம் எல்லாவற்றையும் சொல்லி, அன்றைக்கு அவரை நிற்கவைத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"மூணு வயசுப் புள்ளையா?" என்றார் ஏசுதாஸ். "ஆரு பெத்த புள்ளையோ. இந்தக் கெழக்கால, எங்க சனம் எத்தினி பேரு அந்த வேலையில செத்தாங்கன்னு எங்களுக்கே தெரியாதும்மா. சரி, வுடுங்க. சாரு சம்மதிக்கணுமே?"

"அவர் சம்மதிக்க மாட்டார். கல்யாணம் நடக்கும்," என்றேன்.

நடந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் இவருக்கு வயிற்றுவலி. கல்யாணத்தன்று மட்டும் வந்தார், வராவிட்டால் நாலு பேர் காரணம் கேட்பார்கள் என்பதற்காக. சம்பந்தி கையைப் பிடித்துக் குலுக்கியபோது, போட்டோக்காரர் எடுத்து முடிக்கும்வரை சிரித்தார்.

நோராவும் நானும் இன்னும் எழுதிக்கொள்கிறோம். கால்வாயைப் பார்க்க ஆசை என்று கேட்டார். செல்வராஜின் ஸ்கூட்டரில் போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். ஆகாயத் தாமரையும் பிளாஸ்டிக் பையும்தான் மிதந்தன. போன வாரம் வந்த கடிதத்தை நான் பிரித்தபோது, பேப்பருக்குப் பின்னாலிருந்து இவர் குரல் வந்தது.

"அந்தம்மா இன்னா எழுதிக்கீது?"

கேட்க வேண்டுமென்றால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்கட்டும் என்று பதில் சொல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன்.