வேப்பமரத்தடியில் வெடித்த கூழ்

சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி வெளியே ஓட வேண்டும். திருத்தங்கல் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் முதல் நாளே சொல்லித்தருவது அதுதான். காலையில் 'டப்' என்றதும் எல்லா அறைகளும் காலியாகின. வேலியோரம் போய் நின்றுதான் திரும்பிப் பார்த்தார்கள். புகை இல்லை. சாப்பாட்டுப் பைகள் தொங்கும் வேப்பமரத்தடியில் வெள்ளையாக ஏதோ வழிந்தது.

வெடித்தது தன் கூழ் பாட்டில்தான் என்று திரி செருகும் பொன்மணிக்குத் தெரிந்துவிட்டது.

வேலைக்கு நடுவில் எழுந்து போக முடியாதென்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தே பழகியவள். மாதக்கணக்காக மலச்சிக்கலில் வயிறு கல்லாக இறுகி, குனிந்து திரி செருக முடியவில்லை. மாத்திரைக்கும் கேட்கவில்லை. புளித்த கம்பங்கூழை நீச்சத்தண்ணியில் கரைத்துக் குடித்த பிறகுதான் இளகியது. தூக்குவாளி கம்பெனி வேனில் வரும்போது தளும்புகிறதென்று, இன்று திருகுமூடி பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடியிருந்தாள். கூட வேலை பார்க்கும் மாரித்தாய்க்கும் ஒரு பாட்டில் கொடுத்திருந்தாள்.

போர்மேன் சங்கரபாண்டியன் வந்தார். "வெடிமருந்த எவ பைக்குள்ள வச்சாளோ, அவ இன்னையோட வீட்டுக்குப் போயிரணும்."

"என் பைதான்ணே. வெடிமருந்து இல்ல, கூழு."

"கூழு வெடிக்குமா தாயி?"

"திரி வைக்காமயே வெடிக்குதுண்ணே. கம்பெனிக்கு லாபம்தான்," என்றாள் மாரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

பொன்மணி மாரித்தாயின் பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். அதன் அடி உப்பியிருந்தது. "நீங்களே தெறந்து பாருங்க. மெதுவா."

மூடியைக் கொஞ்சம் திருகினார். உஸ்ஸென்று காற்று இறங்கியது; நுரை அவர் விரல்களில் வழிந்தது. முகர்ந்து பார்த்தார்.

"பட்டாசுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுல என்னத்தப் போட்ட?"

"கம்பு, பழைய சோத்துத் தண்ணி, உப்பு. அம்புட்டுதான்."

"அப்ப காத்து எங்கயிருந்து வந்துச்சு?"

"அதுதாண்ணே எனக்கும் தெரியல. ராத்திரி பானையில கரைச்சு வச்சா, காலையில குமிழு குமிழா வந்து உடையுது. வயித்துக்குள்ள போயும் இது சும்மா இருக்காது போல."

அவர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். அடியிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலேறின. பின்னால் நின்றவர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"திருகுமூடி பாட்டிலு இனிமே கம்பெனி கேட்டத் தாண்டி உள்ள வரக் கூடாது. தூக்குவாளியில கொண்டா."

"அப்ப என் வேலை?"

"அதான் தூக்குவாளியில கொண்டான்னுட்டேன்ல." பாட்டிலை அவள் கையில் கொடுத்தார். "இத இங்கன வச்சுட்டுப் போகாத. குடிச்சுட்டு உள்ள போ."

பொன்மணி நின்றபடியே குடித்து முடித்தாள்.