யானை ராசிங்காபுரத்தில் நிற்கிறது

மார்ஜோரம் என்பது ஐரோப்பியச் சமையலில் போடும் ஒரு வகை இலை. போடிநாயக்கனூரில் அதை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெயரை அங்கே தினமும் உச்சரித்தவன் பிரபாகரன் ஒருவன்தான். அவன் சொன்னதும் இலையை அல்ல. இணையப் பக்கங்களைத் தயாரித்துத் தருவதற்காக ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட ஒரு மென்பொருளுக்கு அந்தப் பெயர். அது யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு உலகமே எடுத்துக்கொண்டது. பிறகு உலகம் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. மிஞ்சியவர்கள் ஐந்து பேர். ஐந்து நாடுகளில் இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சண்டை போட்டார்கள்.

பிரபாகரனுக்குப் பகலில் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள். ஏலக்காய் குடோனுக்கு மேலே இருந்த மாடி வீட்டில் உட்கார்ந்து சம்பளத்துக்கு அதைச் செய்தான், மானத்துக்கு மார்ஜோரம் செய்தான். அதன் மூல நிரலில் கைவைக்கும் உரிமை பெற்ற ஐவரில் ஒருவன் என்பதைக் கல்யாணப் பத்திரிகையிலேயே பி.இ.க்குப் பக்கத்தில் போட்டிருந்தான். மாமனார் வீட்டில் ஏதோ அரசாங்கப் பதவி என்று நினைத்துக்கொண்டார்கள். அவனும் திருத்தவில்லை.

மார்ஜோரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எதை மாற்றுவதானாலும் குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் எழுதிப் போட வேண்டும். மூன்று நாள் காத்திருக்க வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம். ஐவரில் யாராவது ஒருவர் காரணத்தோடு 'கூடாது' என்றால் போதும், திருத்தம் நின்றுவிடும். இந்தச் சட்டத்தைப் பிரபாகரன் நெஞ்சார நம்பினான். வீட்டிலும் நடைமுறைப்படுத்தப் பார்த்தான். ஃப்ரிட்ஜை எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்று குடும்பக் குழுவில் எழுதிவிட்டுக் காத்திருந்தான். அவன் மனைவி கலையரசி முதல் நாளே ஆள் வைத்து நகர்த்திவிட்டாள்.

எழுதப்படாத சட்டம் ஒன்றும் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான மென்பொருளைத் தன் வசதிக்கு மட்டும் தனியாகத் திருத்தி வைத்துக்கொள்வது பாவம். கூட்டுக் குடும்பத்தை உடைத்துத் தனிக்குடித்தனம் போவது போல. ஒரு முறை கனடாக்காரர் ஒருவர் அப்படிப் போனார். பிரபாகரன் அவரைக் கண்டித்து நீளமாக எழுதினான். அவர் பதில் எழுதவில்லை. அதுவரை ஆறு பேராக இருந்தார்கள்.

மார்ஜோரத்தில் ஓடிய தளங்களில் உலகத்தில் உயிரோடு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது யானைப் பக்கம்.

தேவாரம், ராசிங்காபுரம், பொட்டிபுரம் என்று மலையடி ஊர்களில் யானை இறங்கினால் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவார்கள். செய்திக்கு மேலே ரோஜாப் பூவோடு காலை வணக்கம் வந்து விழும். கீழே முருகன் படமும் பிறந்தநாள் கேக்கும். நடுவில் யானை காணாமல் போகும். கலையரசியின் அண்ணன் சுருளிவேலுக்குத் தேவாரத்தில் மலையை ஒட்டி வாழைத் தோட்டம். அவர்தான் கேட்டார்.

"மாப்ளே, நீங்க உலகம் பூராவுக்கும் பக்கம் அடிச்சுக் குடுக்குறீங்களாம். நமக்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க. பூ வேணாம், கேக்கு வேணாம். யானை எங்க நிக்குது, அம்புட்டுத்தான்."

பிரபாகரன் செய்து கொடுத்தான். வெள்ளைத் திரையில் ஒரே வரி. வனத்துறை வாட்சர் ஒச்சப்பன் தன் கைப்பேசியில் ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த வரி மாறும், பிரபாகரனின் கைப்பேசியிலும் ஒரு மணியடிக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மார்ஜோரம் முழுவதும் ஓடியது. ஒரு கோப்பு இன்னொன்றாகி, அது மூன்றாவதாகி, மூன்றும் கூடி நான்காவதைப் பெற்று, அது திரைக்கு வந்து சேர்ந்தது. கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து ஒரு டம்ளர் காப்பி போட்ட மாதிரிதான். ஆனாலும் காப்பி வந்தது.

சுருளிவேல் தினமும் காவலுக்குப் போவதை விட்டார். சாயங்காலம் பக்கத்தைப் பார்ப்பார். 'தேவாரம்' என்று இருந்தால் தகர டப்பாவும் பட்டாசும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பரணில் போய் உட்காருவார். வேறு ஊர் இருந்தால் வீட்டில் படுப்பார்.

பிறகு மார்ஜோரத்தின் புதிய பதிப்பு வந்தது. ஒருமுறை தயாரித்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும் வசதி அதில் இருந்தது. வேகம் கூடும் என்றார்கள். கூடியது. பழைய செய்தி வெகு வேகமாக வந்தது. ஒச்சப்பன் ஊரை மாற்றினாலும் பக்கம் மாறவில்லை. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் அதற்குப் புத்தி வந்தது. மணியடிக்கும்போதெல்லாம் பிரபாகரன் ஓடிப்போய் ஓட்டிவிட்டான். குளியலறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வந்தும் ஓட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. மார்ஜோரத்தின் மானம் மாமனார் வீட்டில் போகக் கூடாது.

கடைசியில் திருத்தம் எழுதினான். எடுத்து வைத்த பக்கம் பழையதானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தயாரிக்கச் சொல்லும் நான்கே வரி. தன் சர்வரில் மட்டும் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அது தனிக்குடித்தனம். எனவே பட்டியலில் போட்டான். தேவாரத்தில் அப்போது தார்கள் முற்றி, வெட்டுக்கு ஒரு வாரம் இருந்தது.

ஜெர்மனியிலிருந்து ஊல்ரிஷ் 'கூடாது' என்று எழுதினார். காரணம் இரண்டு பக்கம் ஓடியது. 'பக்கத்தை எடுத்து வைக்கிற அறைக்கு நேரம் தெரியக் கூடாது. தெரிந்தால் அது அறையல்ல, கடிகாரம்.' பிரேசிலிலிருந்து தியாகோ, ஆழமான கருத்து என்று ஒரு வரி எழுதினார். பிரபாகரனுக்கும் ஆழமாகத்தான் பட்டது. 'ஆனால் யானை நகர்கிறதே' என்று தயங்கித் தயங்கி எழுதினான்.

ஊல்ரிஷ் கொஞ்சம் இறங்கி வந்தார். உண்மையான தளத்தில், உண்மையான மக்கள் பார்க்கும்போது, இந்தக் குறை தானாக நிகழ்வதைக் காட்டினால் மறுப்பைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதற்கு ஒரு நிபந்தனை. வாக்கெடுப்பு நடக்கும் மூன்று நாளும் பிரபாகரன் சர்வரைத் தொடக் கூடாது. தொட்டால் சோதனை கெட்டுவிடும்.

பிரபாகரனுக்கு நியாயமாகப் பட்டது. ஒத்துக்கொண்டான். மக்களை எச்சரிக்காமல் விடவும் அவனுக்கு மனம் வரவில்லை. 'பக்கத்தில் வரும் தகவல் பழையதாக இருக்கக்கூடும்' என்று ஓர் அறிவிப்பு எழுதினான். அதை மார்ஜோரம் தளத்தின் 'தெரிந்த குறைகள்' பகுதியில், ஆங்கிலத்தில் போட்டான்.

முதல் நாள் பக்கம் 'ராசிங்காபுரம்' என்றது. யானையும் ராசிங்காபுரத்தில்தான் நின்றது. இரண்டாம் நாளும் அங்கேயே நின்றது. 'இன்னும் ஒன்றும் நிகழவில்லையே' என்று ஊல்ரிஷ் விசாரித்தார். பிரபாகரனுக்கு யானைமேல் எரிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மணியடித்தது. ஒச்சப்பன் 'தேவாரம்' என்று தட்டியிருந்தார். பிரபாகரன் யானைப் பக்கத்தைத் திறந்தான். 'ராசிங்காபுரம்.' ஒச்சப்பனின் செய்தியையும் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படம் எடுத்தான். 'யானை இங்கே. பக்கம் அங்கே. இதுதான் குறை' என்று எழுதி அனுப்பினான். சற்று நேரத்தில் ஊல்ரிஷ் பதில் போட்டார். 'இவ்வளவு தெளிவான சான்றை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்.' தியாகோ கைதட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

சாப்பிடும்போது கலையரசி கவனித்தாள்.

"என்ன, மூஞ்சி இம்புட்டு வெளிச்சமா இருக்கு?"

"ஜெர்மன்காரர் ஒத்துக்கிட்டாரு."

"எதை?"

"நான் சொன்னதை."

"பரவால்லயே. நான் சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, நீங்க சொன்னா ஜெர்மன்காரர் ஒத்துக்கறாரு. இன்னொரு தோசை வைக்கவா?"

இரண்டு வைக்கச் சொன்னான். நன்றாகத் தூங்கினான். தேவாரத்தில் சுருளிவேல் பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே பாயை விரித்தார்.

விடிந்ததும் கலையரசிக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு வழிவிட்டு, இருவரும் பைக்கில் தேவாரத்துக்குப் போனார்கள்.

தோட்டத்தில் பாதி நின்றது, பாதி படுத்திருந்தது. தண்டை உரித்துத் தின்றுவிட்டுத் தார்களை மிதித்துப் போட்டிருந்தது யானை. சொட்டுநீர்க் குழாய்கள் பிடுங்கிப் போட்ட நரம்பு மாதிரி மண்ணுக்கு மேலே கிடந்தன. சுருளிவேல் வரப்பில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிரபாகரனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"வாங்க மாப்ளே, உக்காருங்க. எனக்கு ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க மச்சான்."

"இதுல இப்பவும் யானை ராசிங்காபுரத்துலதான் நிக்குது."

"ஆமா மச்சான்."

சுருளிவேல் காலருகே கிடந்த யானை லத்தியைக் காட்டினார். ஒரு கூடை இருக்கும். இன்னும் காயவில்லை.

"அப்ப இதை யாரு போட்டது?"

பிரபாகரன் தொண்டையைச் செருமினான்.

"அது வந்து மச்சான், பக்கத்தை ஒரு தடவை தயார் பண்ணி எடுத்து வச்சுக்கும். அப்புறம் கேக்குறவங்களுக்கெல்லாம் அதையே குடுக்கும்."

"பழைய சோறு."

"கிட்டத்தட்ட."

"பழைய சோறுன்னு சொல்லிக் குடுத்தா உப்புப் போட்டுக் கரைச்சுக் குடிக்கலாம் மாப்ளே. நீங்க சுடு சோறுன்னுல்ல குடுத்தீங்க."

கலையரசி சாய்ந்து கிடந்த மரத்தைத் தாண்டி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"ஒச்சப்பண்ணே ஊரை மாத்துனா உங்களுக்கு மணியடிக்கும்ல?"

"அடிக்கும்."

"நேத்து அடிச்சுச்சா?"

"அடிச்சுச்சு. உடனே எழுதிப் போட்டுட்டேன் கலை."

"எங்க?"

"லிஸ்ட்ல."

"எங்கண்ணன் அந்த லிஸ்ட்ல இருக்காரா?"

"இல்ல."

"யாரு இருக்கா?"

"ஊல்ரிஷ், தியாகோ. இன்னும் ரெண்டு பேரு."

சுருளிவேல் நிதானமாகக் கேட்டார். "அந்த ஊல்ரிஷுக்கு எந்தப் பக்கம் தோட்டம்?"

'தெரிந்த குறைகள்' பகுதி பிரபாகரனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளையாக விழுங்கிவிட்டான்.

"மூணு நாள் சர்வரைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க மச்சான். ஓட்டு நடந்துச்சு. ஒருத்தர் வேணாம்னாலும் எதையும் செய்யக் கூடாது. யாரும் பேசலைன்னா சம்மதம்னு அர்த்தம். எங்க முறை அது."

"மொதல்ல அந்தப் பக்கத்தை நிறுத்துங்க" என்றாள் கலையரசி. "இல்ல, அதுக்கும் ஓட்டு வேணுமா?"

பிரபாகரன் கைப்பேசியை எடுத்து, அங்கேயே நின்றபடி யானைப் பக்கத்தை நிறுத்தினான். உலகத்தில் மார்ஜோரத்தை நம்பி இனி ஒரு தளமும் இல்லை.

சுருளிவேல் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"முறை நல்ல முறைதான் மாப்ளே. நானும் ஒண்ணு எழுதிப் போடுறேன். பாதி வாழை நிக்குது. ருசி கண்டது மறுபடி வரும். வெட்டு ஆளை எம்புட்டு வெரசாக் கூப்பிட்டாலும் மூணு நாள் ஆகுங்கறான். அதுவரைக்கும் பரண்ல மாப்ள காவல் இருப்பாரு. வேணாங்கறவங்க காரணத்தோட சொல்லலாம்."

அண்ணி கீழே கிடந்த தாரைப் பார்த்தாள். கலையரசி மலையைப் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. மறுப்புச் சொல்ல மூன்று நாள் அவகாசம் உண்டே என்று பிரபாகரனுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

"லேப்டாப் கொண்டாரலாமா மச்சான்?"

"எதை வேணாலும் கொண்டாங்க. டப்பா தட்டுற சோலியை மட்டும் மறந்துறாதீங்க."

பரணில் சிக்னல் வீட்டைவிட நன்றாக இருந்தது. முதல் நாள் யானை வரவில்லை. விழுந்த வாழைகளைப் படம் எடுத்து, நடந்ததை எழுதிப் பிரபாகரன் பட்டியலில் போட்டிருந்தான். ஊல்ரிஷ் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார். திருத்தம் நிறைவேறிவிட்டது என்றும், அதைப் பதிப்பாக வெளியிட இன்னொரு மூன்று நாள் வாக்கெடுப்பு தேவை என்றும் மூன்றாவது வரியில் எழுதினார்.

இரண்டாம் நாள் தியாகோ ஒரு யோசனை சொன்னார். மார்ஜோரத்தின் சின்னமாக இதுவரை ஓர் இலை இருந்தது. இனி ஏன் யானை இருக்கக் கூடாது? மக்களின் வாழ்க்கையை நம் மென்பொருள் எவ்வளவு தூரம் தொட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கும்.

பட்டியல் விழித்துக்கொண்டது. பல ஆண்டுகளாகப் பேச்சு மூச்சில்லாமல் இருந்தவர்கள் 'சம்மதம்' என்றார்கள். மார்ஜோரத்தை முதன்முதலில் எழுதிவிட்டு ஆடு வளர்க்கப் போனவர் 'சம்மதம்' என்றார். தனிக்குடித்தனம் போன கனடாக்காரர் திரும்பி வந்து 'சம்மதம்' என்றார். ஊல்ரிஷ் காரணமே கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பிரபாகரன் ஒருவன்தான் பாக்கி.

அவன் பரணில் சம்மணம் போட்டு, தியாகோ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். காது ரொம்பப் பெரிதாக இருந்தது. மறுபடி பார்த்தான். சந்தேகமே இல்லை, ஆப்பிரிக்க யானை.

இதை எப்படி விடுவது? அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 'கூடாது' என்று தட்டினான். முதல் காரணம், காது. இரண்டாவது, நெற்றியின் மேடு. மூன்றாவது, முதுகின் வளைவு. 'எங்கள் மலை யானையை அருகில் இருந்து அறிந்தவன் என்ற முறையில்' என்று தொடங்கியதும் வாக்கியங்கள் தாமாக வந்தன. இவ்வளவு நன்றாக அவன் எழுதி ரொம்ப நாளாகியிருந்தது. மலையில் மஞ்சு மூட்டம் இறங்கியது. தகர டப்பா கம்பத்தில் தொங்கியது.

மலைப்பக்க வரிசையில் ஒரு வாழை முறிந்தது. மெதுவாக, நார் நாராக. அடுத்து ஒன்று.

பிரபாகரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் அந்தத் திசையில் தூக்கி, ஒரு நிமிடம் என்று சைகை காட்டினான்.