கோல் விழாத நாளை எழுதுவது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஜன்னலில் தொடங்கியது. போன மாதம், நவம்பர் கடைசியில் ஒரு காலை, எங்கள் கால்பந்து அணியின் சலவை அறைக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தேன். மைதானம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. அதற்கப்பால் கொரியாவின் முக்கோ துறைமுகம், கணவாய் மீன் பிடிக்கும் படகுகள், கடலிலிருந்து மெல்ல எழும் புகை. கோல் கம்பத்துக்கு முன்னால் ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். பின்னோக்கி நான்கு எட்டு வைத்தார். இடப்பக்கம் நகர்ந்தார். சட்டென்று திரும்பினார். எதிரே ஆளும் இல்லை, பந்தும் இல்லை. தூக்கத்தில் நடக்கிறவரைப் போல இருந்தது. எங்கள் பயிற்சியாளர் யோம் கி-தே.

இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. நான் எழுத்தாளன் இல்லை.

[பொய். எழுத்தாளன்தான். பத்தொன்பது வருஷமாக இந்த அணியின் உடுப்புகளைத் துவைப்பது வயிற்றுக்காக.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"யோம் கி-தே ஒரு சிமெண்ட் லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்து" — வேண்டாம், சிலைக்குக் கீழே எழுதுகிற வாசகம் போலிருக்கிறது.

"அன்று திரண்டிருந்த பல்லாயிரம் ரசிகர்கள்" — எங்கள் மைதானத்துக்கு எண்ணூறு பேர் வந்தாலே அதிசயம்.

"ஒரு தடுப்பாட்டக்காரனின் கனவில்" — இதை முடிக்கத் தெரியவில்லை.

சிக்கல் இதுதான். கோல் போடுகிறவனைப் பற்றி எழுதுவது சுலபம். அவனுக்கு ஒரு கணம் உண்டு. தடுப்பவனின் மிகச் சிறந்த நாளில் எதுவும் நடப்பதில்லை. பந்து வரவேண்டிய இடத்தில் அவன் ஏற்கெனவே நிற்கிறான். அதனால் பந்து அங்கே வருவதே இல்லை. நடக்காமல் போனதை எப்படி எழுதுவது? யோம் பதினோரு வருஷம் அப்படித்தான் ஆடினார். செய்தித்தாளில் அவர் பெயர் வந்தது இரண்டே முறை. இரண்டும் மஞ்சள் அட்டைக்காக.

3

அந்தப் பதினோரு வருஷமும் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் சூ மான்-ஹோ. மூன்று வயது மூத்தவர். மான்-ஹோ பந்தை நோக்கி ஏறுவார், கி-தே பின்னால் காலியாகும் இடத்தை மூடுவார். வெளியூர் ஆட்டங்களில் இருவருக்கும் ஒரே அறை. மான்-ஹோவின் குறட்டை கேட்காவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்று கி-தே ஒருமுறை என்னிடம் சொன்னார். "டேய் கி-தே!" என்று மைதானத்தில் ஒரு குரல் கிளம்பினால் நான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அதற்குப் பதிலாக "அண்ணே!" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. ஆட்டம் முழுக்க.

முப்பத்தொன்றாம் வயதில் கி-தேவின் முழங்கால் போனது. துணைப் பயிற்சியாளர் ஆனார். ஐந்து வருஷம் கழித்து, பருவத்தின் நடுவில் அணி தோற்றுக்கொண்டே இருக்க, தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு இவரை உட்கார வைத்தார்கள். மான்-ஹோவுக்கு அப்போது முப்பத்தொன்பது. இன்னமும் ஆடிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் உடை மாற்றும் அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மான்-ஹோ எழுந்து சொன்னார்: "வாங்க சார். நீங்க என்ன சொல்றீங்களோ அதக் கேட்டு நடந்துக்கிறோம்."

கி-தேவின் காது இரண்டும் சிவந்துபோயின. அன்றிலிருந்து நான்கு மாதம் இந்த ஊரில் ஒரு "டேய்" குறைந்தது.

4

மான்-ஹோ பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் படியில் அவரைப் பொறாமைக்காரராக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. என் மனைவி ஓக்-பூன் அணியின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறாள். தமிழில் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், அவளுடைய கொரிய மொழியில், தட்டுத் தடுமாறி.

"யாரு, மான்-ஹோவா பொறாமைக்காரன்? வயித்தெரிச்சல் புடிச்சவன் எவனாவது மூணாவது கிண்ணம் கடற்பாசி சூப் கேட்டு வாங்கிக் குடிப்பானா?"

"கதைக்கு ஒரு மோதல் வேணும்டி."

"அப்ப உன்னைப் பத்தி எழுது. என்கூட தினமும் மோதுறியே."

எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். பொறாமை போனதும் கதை கடினமாகிவிட்டது. இரண்டு நல்ல மனிதர்கள். நடுவில் ஒரு இடம் மட்டும் காலி.

5

ஜன்னலைத் துடைத்த காலைக்கு வருகிறேன். மறுநாள் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். சமன் செய்தாலே போதும். ஆட்டம் முடிந்ததும் மான்-ஹோவுக்கு வழியனுப்பு விழா. அவர் மனைவியும் இரண்டு மகள்களும் வோன்ஜுவிலிருந்து கிளம்பியாயிற்று.

யோம் மைதானத்திலிருந்து நேராகச் சலவை அறைக்கு வந்தார், மான்-ஹோவையும் அழைத்துக்கொண்டு. இயந்திரங்கள் ஓடும்போது இங்கே பேசுவது வெளியே கேட்காது. நான் எழுந்தேன். "நீங்க இருங்க" என்றார் யோம். தனியாக நிற்கப் பயந்தார் என்று நினைக்கிறேன்.

"அண்ணே, நாளைக்கு நீங்க ஆடல."

மான்-ஹோ சுழலும் துணிகளைப் பார்த்தார். "யாரு சார் என் இடத்துல?"

"பெக் ஜின்-மோ."

"அவனுக்கு இருபத்திரண்டு வயசு. கூட்டத்தப் பாத்தா கை நடுங்கும்."

"நடுங்கட்டும். திரும்பிருவான். உங்களால திரும்ப முடியலண்ணே. முன்னல்லாம் பந்தையும் ஆளையும் சேத்துப் பாப்பீங்க. இப்ப பந்தப் பாக்குறீங்க, அப்புறந்தான் ஆளப் பாக்குறீங்க. இன்னிக்குக் காலைல உங்க இடத்துல நின்னு பாத்தேன். இந்த முழங்காலோட நானே உங்களவிட சீக்கிரம் திரும்புறேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் அவர் நின்றது தன் பழைய இடத்தில் அல்ல.

"பொண்ணுங்க வருதுங்க" என்றார் மான்-ஹோ.

"தெரியும்ணே."

"சின்னது நான் ஆடி நேர்ல பாத்ததே இல்ல."

"தெரியும்ணே."

"டேய் கி-தே." நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த சொல். "இதச் சொல்ல உனக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கு. மூணு ஆட்டம் என்னால தோத்திருக்கோம். பயந்தாங்கொள்ளிப் பயலே."

[இந்த இடத்தில் அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதாக எழுதினேன். இல்லை. மான்-ஹோ உலர்ந்த காலுறைக் குவியலிலிருந்து தன் ஜோடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.]

6

ஆட்டத்தின்போது முதல் பனி விழுந்தது. புல்லைத் தொடுமுன் கரைந்துவிடுகிற பனி. எதிரணியினர் வெள்ளை உடுப்பில் வந்ததால், கடல் பக்கமிருந்து யாரோ யாரோ உருவாகி ஓடிவந்து மறைவது போலிருந்தது. எண்பத்தாறாவது நிமிஷம். கோல் இல்லை. ஜின்-மோ காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு இன்னும் இடம் இருந்தது. மான்-ஹோ மேலங்கியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். எண்ணூறு பேரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். முன் வரிசையில் ஒரு சிறு குரல், "அப்பா! அப்பா!"

[இங்கே அவரை இறக்கிவிட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அப்படி ஒரு படி எழுதியும் வைத்திருந்தேன். ஓக்-பூன் அழுதாள். அழுதுவிட்டு, "நல்லாருக்கு, ஆனா நடக்கலியே" என்றாள்.]

யோம் அவரைப் பார்த்தார். பிறகு நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரைப் பின்னுக்கு அனுப்பி, வேறொருவரை உள்ளே இறக்கினார். கூட்டம் கூச்சலிட்டது, ஒரு தெர்மாஸ் மூடி பறந்து வந்தது. மான்-ஹோ உட்காரவில்லை. கோட்டோரமாக நின்று, புதிதாகப் பின்னுக்கு வந்தவனிடம் கத்திக்கொண்டே இருந்தார்: "இடது! இன்னும் இடது! ஆளப் பாரு, பந்த விடு!" எட்டு நிமிஷம். எதுவும் நடக்கவில்லை. ஊதல் ஒலித்தது. அணி கீழே இறங்காமல் அதே பிரிவில் தங்கியது.

விழாவில் மான்-ஹோ பூங்கொத்து வாங்கினார். அவருடைய நான்காம் எண் சட்டை வியர்வையே இல்லாமல் என் கூடைக்கு வந்தது. அதையும் துவைத்தேன்.

7

ஊருக்குக் கிளம்பிய காரின் ஜன்னலில் குனிந்து யோம் கேட்டார்: "அண்ணே, அடுத்த வருஷம் தடுப்பாட்டப் பயிற்சிய நீங்க எடுத்துக்குங்க. என் பக்கத்துல நில்லுங்க."

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் மான்-ஹோ. பின் இருக்கையில் சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினாறு நாளாகிறது. அவர் சொல்லக்கூடிய பதில்களை நான் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சம்மதிக்கிறார். ஒன்றில் வோன்ஜுவில் ஒரு கோழிக்கறிக் கடை திறக்கிறார். ஒன்றில் தொலைபேசியை எடுத்துச் சின்னவள் பேசுகிறாள். அதுதான் எனக்குப் பிடித்தது, அதனாலேயே நம்பிக்கை இல்லை.

இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கும்போதே எதிர் அறையில் யோமின் கைபேசி ஒலிக்கிறது. அவர் எழுந்து நிற்பது தெரிகிறது. கதவு பாதி திறந்திருக்கிறது. நான் போய் அதை வெளியிலிருந்து சாத்திவிட்டேன். பேச்சு என் காதில் விழுந்தால் எழுதிவிடுவேன். நீங்கள் வேண்டுமானால் உள்ளேயே இருங்கள்.